அக்குள் வளைவில் ஏறிய கோடு

கோவில்பட்டியில் தையல் கடை வைத்திருக்கிறேன். நான்கு வருடங்களாக ஜாக்கெட் வெட்டுவதையும் தைப்பதையும் யூடியூபில் போட்டு வருகிறேன். முதல் ஒன்றரை வருடம் நான் பார்த்தது ஒரே எண்ணைத்தான்: எத்தனை வியூஸ். கடைப் படி ஏறியவர்களை எண்ணிவிட்டு, துணி கொடுத்தவர் எத்தனை பேர் என்று பார்க்காமலே ஷட்டரை இழுத்து மூடுவது போன்ற வேலை அது. வந்தவர் வீடியோவின் எந்த இடத்தில் எழுந்து போகிறார் என்று காட்டும் கோட்டை நான் கவனிக்கவே இல்லை.

யூடியூபே அந்தப் பழக்கத்தை 2012-இல் விட்டுவிட்டது. அதுவரை அதிகம் பேர் தொட்டுத் திறந்த வீடியோவைத்தான் அது முன்னே தள்ளியது. அதன் பிறகு எவ்வளவு நேரம் பார்க்கப்பட்டது என்பதற்கு எடை கூடியது. பளபளப்பான முகப்புப் படத்தைக் காட்டி ஆளை இழுத்து, உள்ளே ஒன்றுமில்லாமல் அனுப்பியவர்களுக்கு விழுந்த கடிவாளம்.

மூன்று எண்களைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். எல்லோரும் பார்த்த நேரத்தின் கூட்டுத்தொகை வாட்ச் டைம். அதை வியூஸ் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரிப் பார்வை நேரம். வீடியோவின் நீளத்தில் அது எத்தனை பங்கு என்பது சராசரிச் சதவீதம். மூன்றாவதுதான் ஆளை ஏமாற்றும். 12 நிமிட வீடியோவில் 30 சதவீதம் என்றால் 3 நிமிடம் 36 வினாடி. 5 நிமிட வீடியோவில் 60 சதவீதம் என்றால் 3 நிமிடம். சதவீதத்தைப் பார்த்தால் சின்னது ராஜா. ஆனால் ஆயிரம் வியூஸுக்குப் பெரியது 60 மணி நேரம் தரும், சின்னது 50 மணி நேரம்தான்.

விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும், கடைசி 12 மாதங்களில் 4,000 மணி நேரமும் வேண்டும். ஷார்ட்ஸ் எனும் குட்டி வீடியோக்கள் வழியாகப் போகிறவர்களுக்கு 90 நாளில் ஒரு கோடி வியூஸ்; அங்கே ஓடும் நேரம் இந்த 4,000-இல் சேராது. சராசரி 3 நிமிடம் 36 வினாடியாக இருந்தால் 4,000 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 66,700 வியூஸ் தேவை. அதையே 6 நிமிடமாக்கினால் 40,000 போதும். புது ஆட்களைத் தேடி அலைவதைவிட, வந்தவரை இன்னும் இரண்டு நிமிடம் உட்கார வைப்பது எளிது. (ஒரு எச்சரிக்கை: பழைய வீடியோக்களைப் பார்த்து வெட்கப்பட்டு அழித்துவிடாதீர்கள். அவற்றின் மணி நேரமும் கணக்கிலிருந்து போய்விடும். நான் அழித்துவிட்டு அழுதவள்.)

இனி கோட்டுக்கு வருவோம். நம் சேனலை நிர்வகிக்கும் யூடியூப் ஸ்டுடியோவில் ஒரு வீடியோவைத் திறந்து, அனலிட்டிக்ஸ் எனும் புள்ளிவிவரப் பகுதிக்குப் போனால், இடமிருந்து வலமாகச் சரியும் ஒரு கோடு தெரியும். எந்த வினாடியில் எத்தனை சதவீதம் பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்பதுதான் அது. வீடியோ போட்ட அன்றே தேடாதீர்கள். விவரம் சேர ஒன்றிரண்டு நாள் ஆகும். கோட்டை மட்டும் பார்ப்பதிலும் பயனில்லை. வீடியோவை ஓடவிட்டு, கோடு வளையும் இடங்களில் நிறுத்தி, அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள்.

தொடக்கத்தில் கோடு எல்லோருக்கும் செங்குத்தாக விழும். அதற்காக மனம் உடைய வேண்டாம். 30-ஆவது வினாடியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை மட்டும் பாருங்கள். எனக்கு 48 சதவீதம் நின்றது. காரணத்தைத் தேடி வெகுதூரம் போகவில்லை. கடைப் பெயர் சுழன்று வர 12 வினாடி இசை, பிறகு வணக்கம், பிறகு ‘சந்தா செய்யுங்கள்’ என்ற வேண்டுகோள். துணி கண்ணில் படவே முக்கால் நிமிடம். தங்கை மகளிடம் காசு கொடுத்துச் செய்த இசை அது, மனசில்லாமல்தான் வெட்டினேன். இப்போது தைத்து முடித்த ஜாக்கெட்டை முதல் வினாடியிலேயே பொம்மைக்குப் போட்டுக் காட்டி, ‘முன்பக்கம் சுருக்கமே இல்லை பாருங்கள்’ என்று தொடங்குகிறேன். அடுத்த வீடியோவில் 67 பேர் நின்றார்கள், நூற்றுக்கு.

நடுவில் வரும் பள்ளங்கள் இரண்டு வகை. கோடு இறங்கி, கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறினால், பார்த்தவர் அந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்திருக்கிறார். என் வீடியோவில் லைனிங் துணிக்கு இஸ்திரி போட்ட ஒன்றரை நிமிடம் அப்படித்தான் போயிற்று. இறங்கிய கோடு ஏறவே இல்லை என்றால் ஆள் போய்விட்டார். அதற்கு முன்னால் நீங்கள் பேசியதை மறுபடி கேளுங்கள்.

மேடுகளைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். ஒரு வீடியோவில் ஆறாவது நிமிடம் 40-ஆவது வினாடியில் 35-இல் போய்க்கொண்டிருந்த கோடு 44-க்கு ஏறியிருந்தது. அக்குள் வளைவு வரையும் இடம். ‘ஆகா, நம் கைவண்ணத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்’ என்று பூரித்து, அதே முறையில் இன்னும் மூன்று வீடியோ எடுத்தேன். மூன்றிலும் அதே இடத்தில் மேடு. ஒரு நாள் ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது: முன்பக்க வளைவைப் பின்பக்கத்தைவிட அரை இஞ்ச் கூடுதலாகக் குடைய வேண்டும், அந்த அரை இஞ்ச் குறிக்கும் நொடியில் என் புறங்கை சாக்பீஸை முழுவதும் மறைக்கிறது. பாவம், அவர்கள் ரசிக்கவில்லை; தேடியிருக்கிறார்கள். கேமராவை இடப்பக்கம் மாற்றி, அளவைத் திரையில் எழுத்தாகவும் போட்டேன். மேடு கரைந்தது. அந்த இடத்துக்குப் பிறகு போகிறவர்களும் குறைந்தார்கள். ஆகவே மேட்டைக் கண்டால் உடனே மகிழாதீர்கள். ஒலி இல்லாமல் ஒரு முறை பாருங்கள்.

கடைசியில் ‘சரி, இவ்வளவுதான்’ என்று சொன்ன மறுகணம் கோடு மலையிலிருந்து விழும். அடுத்த வீடியோவைத் தொட்டுத் திறக்கத் திரையில் காட்டும் அட்டையைக் கடைசி 5 முதல் 20 வினாடிக்குள்தான் வைக்க முடியும் என்பதால், ஹூக் பட்டியைத் தைத்துக்கொண்டே அடுத்ததைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விடைபெறுவதே இல்லை. அம்மாவுக்கு இது மரியாதைக் குறைவாகப் படுகிறது.

8 நிமிடத்தைத் தாண்டினால் நடுவிலும் விளம்பரம் வைக்கலாம் என்பதற்காக ஆறு நிமிட வேலையை இழுக்காதீர்கள். இழுத்த இடம் கோட்டில் அப்படியே தெரியும். உங்கள் கோட்டை அடுத்தவரின் சமையல் வீடியோவோடு ஒப்பிடவும் வேண்டாம். ஒத்த நீளமுள்ள உங்கள் சொந்த வீடியோக்களோடு ஸ்டுடியோவே ஒப்பிட்டுக் காட்டும்.

போன மாதம் ஒரு மேடு என்னைக் குழப்பியது. ஒன்பதாவது நிமிடம், நான் பேசாமல் டாட் (உடம்பு வாகுக்குப் பிடிக்கும் மடிப்பு) பிடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன், வேறொன்றும் இல்லை. ஒலியை அணைத்துப் பார்த்தேன், எதுவும் மறையவில்லை. பிறகு ஒலியைக் கூட்டினேன். வாசலில் நின்ற ஒரு வாடிக்கையாளர் ‘லைனிங்கோடு தைக்க எவ்வளவுக்கா?’ என்று கேட்கிறார். என் பதில் மிஷின் சத்தத்தில் அமுங்கிவிட்டது. கூலி எப்படி நிர்ணயிப்பது என்று இந்த வாரம் தனியாக ஒரு வீடியோ எடுக்கிறேன், மிஷினை நிறுத்திவிட்டு.