செத்த மீனும் சிந்திக்கும்: பாலின மூளை ஸ்கேன்களைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்
கனசதுரக் கட்டைகளை ஒட்டிச் செய்ததுபோல ஓர் உருவம். பக்கத்தில் அதேபோல இன்னொன்று, கொஞ்சம் திரும்பி நிற்கிறது. இரண்டும் ஒன்றுதானா, இல்லை கண்ணாடிப் பிம்பமா? 1971-இல் ஷெப்பர்ட், மெட்ஸ்லர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் வைத்த சோதனை இது. உருவம் எவ்வளவுக்குத் திரும்பியிருக்கிறதோ, பதில் சொல்ல அவ்வளவு நேரம் பிடிக்கிறது. இந்தச் சோதனையில் ஆண்களின் சராசரி மதிப்பெண் பெண்களுடையதைவிடக் கூடுதல். அதனால்தான், திருநங்கையரின் மூளை ஆண்களுடையதைப்போல வேலை செய்கிறதா, பெண்களுடையதைப்போலவா என்று பார்க்க, அவர்களை மூளை ஸ்கேனரில் படுக்கவைத்து இதே மாதிரிப் படங்களைக் காட்டும் ஆய்வுகள் வந்தன.

அவற்றைப் படிக்கும்போது பலரும் முதலில் ஏமாறுவது ஸ்கேன் படத்தில் ஒளிரும் சிவப்பு நிறத்தில். அது மூளை சிந்திப்பதன் புகைப்படம் அல்ல. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மாறுவதைக் கணக்கிட்டு, அதன்மேல் கம்ப்யூட்டர் பூசும் வண்ணம். கணக்கு பிசகினால் செத்த மீனும் சிந்திக்கும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 2009-இல் கிரெய்க் பென்னட் என்ற மூளை ஆய்வாளரின் குழுவினர் செத்த சால்மன் ஒன்றை ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, 'இவர் என்ன மனநிலையில் இருக்கிறார்?' என்று கேட்டார்கள். மீனின் மூளையில் ஓரிடம் ஒளிர்ந்தது! ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே சமயத்தில் சோதித்தால் சில தற்செயலாகவே தேறிவிடும். அதற்குரிய திருத்தத்தைப் போட்டதும் ஒளி காணாமல் போனது. ஆய்வில் அந்தத் திருத்தம் இருக்கிறதா என்று பார்க்காமல் செய்தியைப் பகிராதீர்கள்.

அப்புறம், கலந்துகொண்டவர்கள் ஹார்மோன் எடுத்தவர்களா? இதைக் கேட்காமல் விடுவது பெரிய ஓட்டை. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஹார்மோன் சிகிச்சை தொடங்கி நாலே மாதத்தில் மூளையின் கன அளவு மாறியிருந்தது. அப்படியிருக்க, சிகிச்சைக்குப் பிறகு எடுத்த ஸ்கேனை வைத்துக்கொண்டு 'பிறவியிலேயே இப்படி' என்றால் எப்படி? அந்த ஆய்விலும் இருந்தவர்கள் வெறும் 14 பேர்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

'பெண் மூளை', 'ஆண் மூளை' என்ற தலைப்புகளைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். இஸ்ரேலிய மூளை ஆய்வாளர் டாப்னா ஜோயலின் குழு 2015-இல் 1,400-க்கும் மேற்பட்ட மூளை ஸ்கேன்களை அலசியது. முழுக்க ஒரே பக்கம் சாய்ந்த மூளைகள் அரிது; பெரும்பாலானவை கலவை.

பயிற்சியை மறப்பதும் தவறு. 2007-இல் கனடாவில் 10 மணி நேரம் ஆக்‌ஷன் வீடியோ கேம் ஆடவைத்ததிலேயே, கட்டை உருவச் சோதனையில் ஆண்-பெண் இடைவெளி சுருங்கியது. ஸ்கேனரில் படுத்திருப்பவர் சின்ன வயதில் என்ன விளையாடினார் என்பது அந்தச் சிவப்புப் புள்ளியில் தெரியாது.