வளைவில் இடிக்காத ரயில் பெட்டி: லெகோவில் சொந்த வடிவமைப்பு, படிப்படியாக

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஸ்டேஷனில் இ.டி.எஸ் மின்சார ரயில் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி ஒரு பெட்டியை லெகோவில் கட்ட உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஜன்னலில்தான் தொடங்குவார்கள். சுவர் எழும்பி, கூரையும் ஏறிய பிறகு தண்டவாளத்தில் வைத்தால் முதல் வளைவிலேயே பெட்டி இறங்கிவிடும். பெட்டியின் நீளம், சக்கரம் உட்காரும் இடம், இரண்டு பெட்டிகளுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளி ஆகிய மூன்றையும் முடிவு செய்வது வளைவுதான். அதனால் கீழிருந்து மேலாகக் கட்டுவோம். முதலில் ஓடட்டும், அழகு பிறகு.

இங்கே கட்டப்போவது 6 குமிழ் (லெகோ கல்லின் மேலுள்ள புடைப்பு) அகலம், 32 குமிழ் நீளமுள்ள பயணிகள் பெட்டி.

அளவுகள்

ஒரு குமிழிலிருந்து அடுத்த குமிழுக்கு 8 மி.மீ. ஒரு கல்லின் உயரம் 9.6 மி.மீ., ஒரு தட்டின் உயரம் 3.2 மி.மீ. ஆக, மூன்று தட்டு ஒரு கல். நேர்த்தண்டவாளம் ஒன்று 16 குமிழ் நீளம், கட்டைகளையும் சேர்த்து 8 குமிழ் அகலம். லெகோவின் வழக்கமான வளைவுத் தண்டவாளம் 16 துண்டு சேர்ந்தால் முழு வட்டம். அந்த வட்டத்தின் ஆரம் 40 குமிழ். இந்த 40-ஐ மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிஜ ரயிலை அப்படியே சுருக்கலாமா? மலேசிய ரயில் பெட்டியின் அகலத்தை ஏறக்குறைய 2.75 மீட்டர் என்று வைத்தால், 6 குமிழ் அகலத்துக்கு (48 மி.மீ.) அளவு விகிதம் 1:57 வரும். 20 மீட்டர் நீளப் பெட்டி அந்த விகிதத்தில் 44 குமிழ். இவ்வளவு நீளம் 40 ஆர வளைவுக்கு ஒத்துவராது. தண்டவாளமும் பொருந்தாது. நம் நாட்டு ரயில் பாதை 1 மீட்டர் அகலம். 1:57 கணக்கில் 17.5 மி.மீ. வர வேண்டும். லெகோ தண்டவாளம் அதைவிட இருமடங்குக்கு மேல். ஆகவே துல்லியமான அளவு என்ற ஆசையை இங்கேயே விட்டுவிடலாம். அகலத்தை வைத்து முகத்தோற்றத்தைப் பிடியுங்கள், நீளத்தை வெட்டுங்கள். ஆறு ஜன்னல் இருக்கிற இடத்தில் நான்கு வைத்தாலும் பார்ப்பவர் கண் ஏற்றுக்கொள்ளும்.

வளைவுக் கணக்கு

பெட்டிக்கு அடியில் இரண்டு போகிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் நான்கு சக்கரம், நடுவில் திரும்பும் அச்சு. இரண்டு போகி அச்சுகளுக்கு இடையிலான தூரத்தை அதே எண்ணால் பெருக்கி, 320-ஆல் வகுத்தால், வளைவில் பெட்டியின் நடுப்பகுதி எத்தனை குமிழ் உள்ளே தள்ளும் என்பது கிடைக்கும். (320 என்பது 8 × 40.)

தூரம் 22 என்றால் 484 ÷ 320, அதாவது ஒன்றரைக் குமிழ். 30 என்றால் கிட்டத்தட்ட 3 குமிழ். சுவர் பக்கத்துத் தூணை உரசிவிடும். சரி, குறைவாக வைத்துவிட்டால்? நடுப்பகுதி அடங்கும், ஆனால் இரண்டு முனைகளும் வெளியே வீசும். 32 குமிழ் பெட்டிக்கு 22 என்று வைக்கும்போதுதான் உள்ளே தள்ளுவதும் வெளியே வீசுவதும் ஏறத்தாழ சமமாகின்றன. ஆகவே ஒவ்வொரு முனையிலிருந்தும் 5 குமிழ் தள்ளிப் போகியின் மையம்.

இந்தப் பெட்டி வளைவில் தண்டவாள மையத்திலிருந்து இரண்டு பக்கமும் நாலரைக் குமிழ் வரை வரும். தண்டவாளக் கட்டையோ மையத்திலிருந்து 4 குமிழில் முடிந்துவிடுகிறது. கட்டையை ஒட்டிப் பிளாட்பாரம் வைத்தால் நேர்ப்பாதையில் பிரச்சினை இல்லை. வளைவில் கட்டாயம் இடிக்கும். வளைவில் எதை வைத்தாலும் கட்டையிலிருந்து ஒரு குமிழாவது தள்ளி வையுங்கள்.

தேவையான பாகங்கள்

எண்கள் லெகோ பாக எண்கள். லெகோ பாகங்கள் விற்கும் பிரிக்லிங்க் தளத்தில் இவற்றை அப்படியே தட்டித் தேடலாம்.

- தட்டு 6×16 (3027): 4
- தட்டு 6×8 (3036): 4
- தட்டு 4×12 (3029): 2
- தட்டு 4×8 (3035): 1
- தட்டு 1×12 (60479): 6, இதில் 2 சுவரில் ஓடும் வண்ணப் பட்டையின் நிறத்தில்
- தட்டு 1×10 (4477): 8, இதில் 2 பட்டை நிறத்தில்
- தட்டு 1×8 (3460): 4
- தட்டு 1×6 (3666): 2
- தட்டு 1×4 (3710): 2
- தட்டு 1×2 (3023): 4
- கல் 1×8 (3008): 8
- கல் 1×6 (3009): 6
- கல் 1×2 (3004): 26
- உயரக் கல் 1×1×3 (14716): 8
- ஜன்னல் சட்டம் 1×4×3 (60594), கண்ணாடி (60603): தலா 8
- கதவுச் சட்டம் 1×4×6 (60596): 4, பொருந்தும் கதவு 4
- டைல் (மேலே குமிழ் இல்லாத தட்டு) 1×8 (4162): 6
- டைல் 1×4 (2431): 4
- சுழல் தட்டு 2×2 (3680, 3679): 2 ஜோடி
- இரும்பு அச்சுள்ள ரயில் சக்கர ஜோடி: 4
- காந்தக் கொக்கி: 2
- போகிக்கு 2 அகலத் தட்டுகள், கையில் இருப்பதை வைத்து

1×1×3 கல் கிடைக்காவிட்டால் 24 சாதாரண 1×1 கல் போதும், ஆனால் தூண் ஆடும். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கிலோ கணக்கில் விற்கும் வேறு பிராண்டு கற்களைச் சுவருக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். சக்கரம், காந்தம், சுழல் தட்டு மூன்றிலும் மட்டும் கலப்படம் வேண்டாம். வெள்ளையை வெவ்வேறு இடத்தில் வாங்கினால் ஒரு வரிசை பால் வெள்ளையாகவும் அடுத்தது மஞ்சள் அடித்தும் நிற்கும். சுவர்க் கற்களை ஒரே இடத்தில் எடுப்பது நல்லது.

வாங்குவதற்கு முன் பிரிக்லிங்க் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளில் ஒருமுறை கட்டிப் பாருங்கள். பாகப் பட்டியல் தானாக வரும், கல்லும் கல்லும் மோதும் இடம் தெரியும். வளைவில் ஓடுமா என்பதை மட்டும் திரை சொல்லாது.

படி 1: அடித்தளம்

இரண்டு 6×16 தட்டுகளை முனையோடு முனை வையுங்கள். அவற்றின் மேல் 6×8, 6×16, 6×8 என்ற வரிசையில் இரண்டாம் அடுக்கு. கீழே ஒட்டு 16-இல், மேலே 8-இலும் 24-இலும். ஒட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று விழக்கூடாது என்பதுதான் இந்தப் பெட்டி முழுக்க நாம் பின்பற்றும் விதி. விழுந்தால் நடுவில் பிடித்துத் தூக்கும்போது பெட்டி இரண்டாகும்.

படி 2: போகி

அடித்தளத்தின் அடியில், ஒவ்வொரு முனையிலிருந்தும் 5-ஆவது, 6-ஆவது குமிழ் வரிசையில், அகலத்தில் நடுவாக, சுழல் தட்டைப் பொருத்துங்கள். அதன் கீழே 2 அகலத் தட்டு, அந்தத் தட்டின் அடியில் இரண்டு சக்கர ஜோடிகள். சக்கர அச்சுகளுக்கு நடுவே 5 அல்லது 6 குமிழ் இடைவெளி போதும்.

காந்தக் கொக்கியை எங்கே மாட்டுவது? பெட்டியின் உடம்பில் மாட்டத் தோன்றும். மாட்டாதீர்கள். வளைவுக்குள் நுழையும்போது ஒரு பெட்டியின் முனை வெளியே வீசும், அடுத்தது இன்னும் நேராக இருக்கும். காந்தம் பக்கவாட்டில் இழுபட்டுக் கழன்றுவிடும் அல்லது லேசான பெட்டியைத் தடம் புரட்டும். போகித் தட்டையே வெளிப்பக்கம் நீட்டி, அதன் நுனியில் காந்தத்தை மாட்டுங்கள். போகி தண்டவாளத்தோடு திரும்புவதால் காந்தமும் பாதையிலேயே இருக்கும்.

காந்தத்தின் முகம் பெட்டி முனையைத் தாண்டி 2 குமிழ் வெளியே நிற்கட்டும். அப்போது இரண்டு பெட்டிகளுக்கு நடுவே 4 குமிழ் இடைவெளி வரும். பார்க்க அதிகம்தான். ஆனால் 40 ஆர வளைவில் அடுத்தடுத்த இரண்டு பெட்டிகள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 50 பாகை திரும்புகின்றன. உள்பக்க மூலைகள் இரண்டும் வெகுவாக நெருங்கிவிடும். இடைவெளியை 2 ஆக்கினால் மூலையும் மூலையும் முட்டிப் பெட்டி மேலெழும்பக்கூடும்.

போகி ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 16 பாகை திரும்ப வேண்டும். அதனால் ஒவ்வொரு முனையிலிருந்தும் 10 குமிழ் வரை அடித்தளத்தின் கீழே எதுவும் தொங்கக்கூடாது. பேட்டரிப் பெட்டி, காற்றுத் தொட்டி போன்ற அலங்காரமெல்லாம் நடுவிலுள்ள 12 குமிழுக்குள்.

படி 3: சுவர் கட்டும் முன் ஓட்டம்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். நான்கு நேர்த்தண்டவாளங்களை இணைத்து, ஒரு முனையின் கீழே இரண்டு கல் உயரம் கொடுங்கள். மேலே வைத்து விட்டால் வெறும் அடித்தளம் தானாக உருண்டு வர வேண்டும். வரவில்லையென்றால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: சக்கரம் போகியின் அலங்காரக் கல்லை உரசுகிறது, அச்சில் தலைமுடி சுற்றியிருக்கிறது, அல்லது சக்கர ஜோடி முழுதாக அழுத்தப்படாமல் சாய்ந்திருக்கிறது. சிமெண்டுத் தரையில் ஓட்டுகிற வீடுகளில் முடியும் செம்மண் தூசியும் சீக்கிரம் சேரும். சக்கரத்தைக் கழற்றி ஊசியால் எடுத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் போடவே கூடாது. தூசியைப் பிடித்துப் பசையாக்கிவிடும்.

பிறகு வளைவில் கையால் தள்ளிப் பாருங்கள். வெறும் அடித்தளம் சுற்றி வந்தால்தான் மேலே கட்டுவதில் பொருளுண்டு.

படி 4: சுவர்

பக்கச் சுவரின் 32 குமிழும் இப்படிப் பிரிகிறது: முனைச்சுவர் 1, கதவு 4, நடுச்சுவர் 22, கதவு 4, முனைச்சுவர் 1. நடுவிலுள்ள 22-இல் தூண் 1, ஜன்னல் 4, தூண் 1, ஜன்னல் 4, தூண் 2, ஜன்னல் 4, தூண் 1, ஜன்னல் 4, தூண் 1.

நடுச்சுவரின் முதல் வரிசை 1×8, 1×6, 1×8 கற்கள். இரண்டாம் வரிசை ஒரு கல் உயரம்தான், ஆனால் மூன்று தட்டாக: கீழே 1×12, 1×10, நடுவில் பட்டை நிறத்தில் 1×10, 1×12, மேலே 1×8, 1×6, 1×8. அடுத்து ஜன்னலும் தூணும் மூன்று கல் உயரத்துக்கு. 2 குமிழ்த் தூணுக்கு 1×2 கல் மூன்று. கண்ணாடியைச் சட்டத்தில் அழுத்திவிட்டே சட்டத்தை வையுங்கள். சுவர் எழும்பிய பின் அழுத்தினால் தூண் சாயும். ஜன்னலுக்கு மேலே மறுபடி 1×8, 1×6, 1×8 கற்கள். இந்த ஒட்டுகள் ஜன்னலின் நடுவில் விழுவதால் தூண்கள் கட்டுப்படும்.

முனைச்சுவரில் இரண்டு பக்கமும் 1×2 கற்கள் ஐந்து வரிசை, நடுவில் 2 குமிழ் வழி, ஆறாவது வரிசையில் 1×6 கல்.

கதவுச் சட்டம் ஆறு கல் உயரம். அதாவது அதன் மேலே சுவர்க் கல் எதுவும் தாண்டிப் போகவில்லை. முனைச்சுவர் இதுவரை தனியாகத்தான் நிற்கிறது, தொட்டால் ஆடும். அதைச் சரிசெய்வது அடுத்த அடுக்கு: பக்கத்துக்கு 1×10, 1×12, 1×10 தட்டுகள், முனைகளில் 1×4 தட்டு. ஒட்டுகள் கதவைத் தாண்டி 10-இலும் 22-இலும் விழுகின்றன. 1×8-இல் தொடங்கினாலும் பரவாயில்லை. 1×4-இல் மட்டும் தொடங்காதீர்கள், முனைச்சுவர் கையோடு வந்துவிடும்.

கதவு உள்பக்கம் திறக்கும்படி சட்டத்தைத் திருப்பி வையுங்கள். வெளியே திறந்த கதவு பிளாட்பாரத்தில் மாட்டும்.

படி 5: கூரை

உள்ளே பொம்மைகளை உட்கார வைக்கக் கூரை கழன்று வர வேண்டும். எல்லாக் குமிழிலும் பிடித்தால் கூரையோடு சுவரும் வரும். ஆகவே பக்கத்துக்கு, இரண்டு முனைகளிலும் 1×2 தட்டு, நடுவில் மூன்று 1×8 டைல், ஒரு 1×4 டைல். ஒவ்வொரு முனைச்சுவர் மேலும் ஒரு 1×4 டைல். இப்போது கூரையைப் பிடிப்பது மொத்தம் 8 குமிழ் மட்டும்.

கூரை தனியாக: 6×8, 6×16, 6×8 தட்டுகள், அவற்றின் மேல் 4×12, 4×8, 4×12. ஓரத்தில் ஒரு குமிழ் படி விழுவதால் வளைந்த கூரை போலத் தெரியும். அடித்தளத்திலிருந்து கூரை வரை மொத்தம் 8 கல் உயரம். கொஞ்சம் நெட்டைதான், கதவுச் சட்டத்தின் உயரத்துக்குக் கொடுக்கிற விலை அது.

ஓட்டும்போது

2018-இல் வந்த பவர்ட் அப் (லெகோவின் மோட்டார் அமைப்பு) ரயில்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு ஆறு டிரிபிள் ஏ பேட்டரி வேண்டும். ரீசார்ஜ் பேட்டரி ஒன்று 1.2 வோல்ட் என்பதால் ரயில் சற்று மெதுவாக ஓடும், அது கோளாறு அல்ல. இஞ்சின் சக்கரம் சுழன்றுகொண்டே நகராமல் நின்றால் மோட்டாருக்குப் பலமில்லை என்று நினைக்க வேண்டாம். மோட்டாருக்கு மேலே எடை போதவில்லை. பேட்டரிப் பெட்டியை மோட்டாருக்கு மேலே நகர்த்துங்கள்.

பெட்டிகளை வரிசைப்படுத்தும்போது கனமானது இஞ்சினை ஒட்டி, லேசானது கடைசியில். மாற்றி வைத்தால் வளைவில் நடுவிலுள்ள லேசான பெட்டி உள்பக்கம் இழுபட்டுக் கவிழும்.

கடைசியாக, முழு ரயிலையும் பின்னோக்கி ஓட்டுங்கள். முன்னோக்கி இழுக்கும்போது மறைந்திருக்கும் குறை தள்ளும்போது வெளிப்படும். பாதை பிரியும் இடத்தில் எப்போதும் ஒரே போகி இறங்கினால், அந்தப் போகியின் நீட்டிய தட்டு அடித்தளத்தின் அடியில் எங்கோ தட்டுகிறது. பெட்டியைக் கவிழ்த்துப் போகியை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். தட்டும் இடத்தில் இருப்பது அலங்காரக் கல் என்றால் எடுத்துவிடுங்கள். எதுவும் இல்லையென்றால் சுழல் தட்டுக்கும் போகிக்கும் நடுவே ஒரு 2×2 தட்டைச் சேர்த்து உயர்த்துங்கள். அடுத்த போகிக்கும் அதே உயரம் கொடுக்க மறக்க வேண்டாம். இரண்டு முனைக் காந்தங்களின் உயரமும் மாறவில்லை என்று பார்த்த பிறகு இஞ்சினோடு மாட்டுங்கள்.