தூசுக்குள் ஒளிந்த ஆதிக் கருந்துளை: லப்டொப்பில் தேடும் முறை

சித்திரைப் புத்தாண்டு நாட்களில் இரவு 8.30 அளவில் நிலாவெளிக் கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால், உச்சிக்கு 6 பாகை தெற்கே இருப்பதுதான், பல தொலைநோக்கிகள் ஆழமாக ஆராய்ந்த கொஸ்மோஸ் வான்பகுதி. வெறுங்கண்ணுக்கு அங்கே ஒன்றும் இல்லை. தூசு மூடிய பெருங்கருந்துளையைக் கொண்ட பால்வீதி கொஸ்-87259 அகப்பட்டது அதற்குள்தான். அதன் ஒளி கிளம்பியபோது பிரபஞ்சத்துக்கு வயது சுமார் 75 கோடி ஆண்டு.

இப்படியானவற்றின் புறஊதாவைத் தூசு விழுங்கிவிடும், ரேடியோ அலை ஊடுருவி வரும். ஆகவே ரேடியோவில் தொடங்குங்கள்.

படி 1: வானியல் பட்டியல்களைக் கையாளும் டொப்கட் மென்பொருள் இலவசம், ஜாவா வேண்டும். அதன் விசியர் (இணையப் பட்டியல் களஞ்சியம்) சாளரத்தில், வி.எல்.ஏ. என்ற அமெரிக்க ரேடியோ தொலைநோக்கியின் 3 கிகாஹேட்ஸ் கொஸ்மோஸ் பட்டியலை எடுங்கள். 10,830 வரிகள்தான். அதே பகுதியின் ஒளி, அகச்சிவப்புப் பட்டியலான கொஸ்மோஸ்2020இலோ 17 இலட்சத்துக்கு மேல். அதை இறக்கி டேட்டாவைக் கரைக்க வேண்டாம். இரு பட்டியல்களை ஒப்பிட்டுப் பொருத்தும் சிடிஎஸ் எக்ஸ்-மெட்ச் வசதியில் ரேடியோப் பொருட்களின் வான் நிலைகளை மேலேற்றினால் பொருந்தியவை மட்டும் திரும்பி வரும்.

படி 2: பொருத்தும் ஆரம் 0.8 ஆர்க்செக்கன் (ஒரு ஆர்க்செக்கன், பாகையில் 3600இல் ஒரு பங்கு). 2 சதுரப் பாகைக்குள் 17 இலட்சம் பொருட்கள் நெருங்கிக் கிடக்கின்றன. ஆரத்தை 3 ஆக்கினால் ஒவ்வொரு ரேடியோப் புள்ளிக்கும் சம்பந்தமில்லாத ஏறத்தாழ இரண்டு பேர் சராசரியாக ஒட்டிக்கொள்வார்கள். 0.8 இலும் எட்டுக்கு ஒன்று தற்செயலாக ஒட்டும், படத்தைத் திறந்து பார்த்தே தீர வேண்டும்.

படி 3: பலர் சறுக்கும் இடம். பிரபஞ்ச விரிவால் ஒளியின் அலைநீளம் நீளும் அளவே செம்பெயர்ச்சி. அது 6.8 என்றால், ஐதரசன் ஒளியை விழுங்கத் தொடங்கும் 1216 ஆங்ஸ்ட்ரொம் விளிம்பு 9485க்குத் தள்ளப்படும். அதைவிடக் குறுகிய அலைநீளங்களைப் பார்க்கும் சுபாரு தொலைநோக்கியின் ஜி, ஆர், ஐ வடிகட்டிகளில் பொருள் தெரியவே கூடாது. ஆனால் தெரியாததற்கு ஒளிப்பருமன் (மெக்னிடியூட்) நிரல் வெறுமையாக இருக்கலாம், அதை வைத்து வடித்தால் தேடியதே விழுந்துவிடும். பாயத்தை (வந்து சேரும் ஒளியின் அளவு) அதன் பிழையால் வகுத்து, 2க்குக் குறைந்தவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: ரேடியோச் சரிவு. 1.4 கிகாஹேட்ஸில் 40, 3இல் 18 மைக்ரோஜான்ஸ்கி (ரேடியோப் பாயத்தின் அலகு) என்றால் சரிவுச் சுட்டி −1.05, வழமையான −0.7ஐ விடச் செங்குத்து. தென்னாபிரிக்க ரேடியோ தொலைநோக்கியான மீர்கட்டின் அளவீட்டை இதில் கலந்தால் கவனம்: அதன் கற்றை அகலமானது, பக்கத்துப் பால்வீதியின் பாயமும் சேர்ந்து பொய்ச் சரிவு காட்டும். ரேடியோ அலை, விண்மீன்கள் பிறப்பதாலும் வரும். தூர அகச்சிவப்பு ஒளி எதிர்பார்க்கவைக்கும் அளவை அது விஞ்சினால்தான் கருந்துளையைச் சந்தேகிக்கலாம்.

படி 5: போலிகள். செம்பெயர்ச்சி 1.4இல் உள்ள தூசுப் பால்வீதியில் ஒளி குறையும் 4000 ஆங்ஸ்ட்ரொம் முறிவும் 9600இல்தான் விழும். அது சாய்வாக இறங்கும், அசல் செங்குத்தாக அறுந்துவிடும்.

மிஞ்சியவற்றின் செம்பெயர்ச்சியை உறுதிப்படுத்த, சிலியிலுள்ள அல்மா தொலைநோக்கி வேண்டும். அயனான கார்பன் வெளியிடும் கோட்டின் 1900.5 கிகாஹேட்ஸை, செம்பெயர்ச்சியோடு 1 கூட்டி அதால் வகுங்கள். கொஸ்-87259க்கு 6.853, ஆகவே 242. உங்கள் மதிப்பீடு 0.1 பிசகினாலே கோடு 3 கிகாஹேட்ஸ் தள்ளிப் போய்விடும்.