ஏத்தன், மட்டி, கருப்பட்டி: குமரி முறையில் வாழைப்பழ பிரெட்

வெளிநாட்டுச் செய்முறைகளில் ‘மூன்று வாழைப்பழம்’ என்று போட்டிருப்பார்கள். நம் ஊர்ப் பழத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது; ஒரு பெரிய ஏத்தன் (நேந்திரன்) பழத்தின் எடைக்கு, குமரியின் சிறிய வாழையான மட்டியில் ஐந்தாறு வைக்க வேண்டியிருக்கும். அதனால் எண்ணாதீர்கள், தோலுரித்து மசித்தபின் எடை போடுங்கள். 200 கிராம் ஏத்தன், 80 கிராம் மட்டி. பிரெட்டுக்கு உடம்பு தருவது ஏத்தன், மணம் தருவது மட்டி. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம், அந்த 80 கிராமைக் குறைக்க வேண்டாம்.

ஏத்தன் தோல் முக்கால்வாசி கறுத்திருக்க வேண்டும். மஞ்சளாக இருந்தால் மாவுச்சத்து முழுவதும் சர்க்கரையாக மாறியிருக்காது, பிரெட் வறண்டுவிடும். அவசரமென்றால் தோலோடு 10 நிமிடம் ஆவியில் வேகவைத்து, ஆறியதும் மசிக்கலாம். மென்மை கிடைக்கும், இனிப்பு அதிகமாகாது. செந்துளுவன் (செவ்வாழை) போட்டால் பிரெட் சிவக்கும் என்று சிலர் நினைப்பதுண்டு. சிவப்பெல்லாம் தோலோடு போய்விடும்.

மற்றவை: மைதா 220 கிராம், கருப்பட்டி 150 கிராம், முட்டை 2, தேங்காய் எண்ணெய் 80 மில்லி, தேங்காய்த் துருவல் 60 கிராம், ஆப்பச் சோடா முக்கால் டீஸ்பூன், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், பொடித்த கிராம்பு 3. கிராம்பு, குமரி மலைப்பகுதியான மாறாமலைப் பக்கத்துச் சரக்கு என்றால் 2 போதும். கூடினால் பல்வலி மருந்து வாடை அடிக்கும்.

கருப்பட்டியைத் தட்டி 40 மில்லி தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். மண்ணும் தும்பும் இல்லாத கருப்பட்டி அபூர்வம். பாகு நன்றாக ஆறட்டும், சூடாக ஊற்றினால் முட்டை வெந்து திரியும். துருவலை எண்ணெய் விடாமல் பொன்னிறமாக வறுத்து ஆறவிடுங்கள். பச்சையாகப் போட்டால் அதன் ஈரத்தில் பிரெட்டின் அடிப்பாகம் களியாகும், சீக்கிரம் ஊசியும் போகும்.

முட்டையை ஃபிரிட்ஜிலிருந்து முன்கூட்டியே எடுத்து வையுங்கள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். குளிர்ந்த முட்டை பட்டால் கட்டி கட்டியாகிவிடும். முட்டை, எண்ணெய், பாகு மூன்றையும் அடித்து, பழ மசியலைச் சேருங்கள். மைதா, சோடா, பவுடர், உப்பு, கிராம்பைச் சேர்த்துச் சலித்து, துருவலோடு அதில் கொட்டி, கரண்டியால் மடித்துக் கலக்குங்கள். வெள்ளை மாவு கண்ணில் படாதபோது நிறுத்திவிட வேண்டும். சின்னச் சின்னக் கட்டி இருந்தால் குற்றமில்லை. தோசைமாவு பதத்துக்கு அடித்தால் மைதாவின் பசை இறுகி, பிரெட் ரப்பராகும், உள்ளே நீளநீளமாகப் பொந்து விழும்.

கலந்ததைக் காத்திருக்க வைக்காதீர்கள். ஈரம் பட்டதுமே சோடா வேலையைத் தொடங்கிவிடும். 9 அங்குல நீளத் தட்டில் (பிரெட் சுடும் ஆழமான டின்) எண்ணெய் தடவி, காகிதம் விரித்து, மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, முன்பே சூடான அவனில் 170 டிகிரியில் 55 முதல் 60 நிமிடம். முதல் 40 நிமிடம் கதவைத் திறந்தால் நடு அமுங்கும். கருப்பட்டியால் மேல்புறம் சீக்கிரம் கறுக்கும், அதை வைத்து வேக்காட்டை முடிவு செய்யாதீர்கள். ஈர்க்குச்சி குத்தி எடுத்தால் ஈர மாவு ஒட்டக்கூடாது. கறுப்பு அதிகமானால் கடைசி 15 நிமிடம் அலுமினியத் தாள் மூடுங்கள்.

அவன் இல்லாதவர்கள் கனமான பாத்திரத்தில் ஒரு அங்குலம் உப்பு பரப்பி, மேலே ஸ்டாண்டு வைத்து, மூடி 10 நிமிடம் சூடாக்கி, தட்டை உள்ளே வைத்துச் சிறுதீயில் 65 முதல் 75 நிமிடம் விடலாம். குக்கர் என்றால் ரப்பர் வளையமும் வெயிட்டும் கூடாது. மேல்புறம் சிவக்காது, ருசி குறையாது.

தட்டில் 10 நிமிடம் இருந்தபின் கவிழ்த்து, முழுக்க ஆறியதும் வெட்டுங்கள். சூட்டில் வெட்டினால் வெந்த பிரெட்டும் வேகாததுபோல் பிசுபிசுக்கும். மழைக்காலத்தில் வெளியே ஒரு நாள்தான் தாங்கும், பிறகு ஃபிரிட்ஜ். குளிர்ந்த துண்டைத் தோசைக்கல்லில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு இருபுறமும் வாட்டிச் சாப்பிடலாம்.