சின்னக் கப்பலுக்குப் பெட்டி கட்டும்போது நம்மவர்கள் செய்யும் உடைத் தவறுகள்

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு பிள்ளைகள் அப்பா அம்மாவுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுப்பது இப்போது கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் சகஜமாகிவிட்டது. மூவாயிரம் பேர் ஏறும் ராட்சசக் கப்பல் இல்லை. நூறிலிருந்து அறுநூறு, எழுநூறு பேர் வரை போகும் சொகுசுச் சிறு கப்பல். டிக்கெட் வந்ததும் ஆரம்பிக்கும் கேள்வி, "என்ன உடுத்திக்கிட்டுப் போறது?"

இங்கே முதல் தவறு, எந்த கம்பெனிக் கப்பல் என்று மட்டும் விசாரிப்பது. எந்தக் கடல் என்பதுதான் முக்கியம். ஒரே கப்பல் கோடையில் மத்தியதரைக் கடலிலும் குளிர்காலத்தில் கரீபியனிலும் ஓடும். அதே சிப்பந்திகள், அதே சாப்பாட்டுக் கூடம். ஆனால் கூட்டமும் பேச்சும் உடையும் வேறு. நாகூர் தர்காவுக்குத் தலையில் துணி போட்டுக்கொண்டும், திருவையாறு ஆராதனைக்கு மயில்கண் வேட்டி கட்டிக்கொண்டும் போகிற நமக்கு இது புரியாத விஷயமில்லை. பெட்டி கட்டும்போதுதான் மறந்துபோகிறது.

மத்தியதரைக் கடலில் மாலைகள் கொஞ்சம் மிடுக்கானவை. பல துறைமுகங்களில் கப்பல் இரவு வரை நிற்கும். இறங்கிக் கரையிலேயே சாப்பிட்டுவிட்டு வருவார்கள். அதற்காக ஆண்கள் மூன்று கோட்டு சூட்டு திணித்துக்கொண்டு போக வேண்டாம். ஒரு கருநீலக் கோட்டு, காலர் வைத்த நாலு சட்டை போதும். சில கப்பல்களில் ஒன்றிரண்டு இரவு மட்டும் 'ஃபார்மல்' என்று அறிவிப்பார்கள், அதுவும் பெரும்பாலும் விருப்பம்தான். திருபுவனம் பட்டுக்கு அந்த இரவு போல வேறு இடம் கிடையாது. ஆனால் தினம் ஒரு பட்டு என்று எட்டுப் புடவை அடுக்காதீர்கள். கல்யாண வீட்டில்தான் எத்தனாவது புடவை என்று எண்ணுவார்கள். கப்பலில் அதே முகங்களைத் தினமும் பார்த்தாலும் அந்தக் கணக்கு யாருக்கும் கிடையாது.

பகலில்தான் வம்பு. ஊரில் பெரிய கோவிலுக்கு அரைக்கால் சட்டையோடு போக யோசிக்கிற மாமா, வெளிநாடு என்றதும் தைரியமாகப் போட்டுக்கொள்வார். வத்திக்கான் புனித பேதுரு பேராலயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கிரேக்கத்தில் பாட்மோஸ் தீவு மடாலயத்திலும் அடக்கமான உடைதான். கையில்லாத ரவிக்கைக்கு மேல் போர்த்த ஒரு மெல்லிய பருத்திச் சால்வை கைப்பையில் இருக்கட்டும். பீரோ நிறைய இருக்கும் பொன்னாடைகள் இதற்கு உதவாது, ஜிகினா கழுத்தை அறுக்கும். வளைகுடாப் பயணம் என்றால் மஸ்கட் சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசலில் பெண்கள் தலைமுடியையும் மறைக்க வேண்டும். அங்கேயும் அதே சால்வை கைகொடுக்கும்.

கரீபியன் இதற்கு நேர் எதிர். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நாளெல்லாம் தண்ணீரிலேயே கிடப்பார்கள். அதைப் பார்த்து 'எதுவும் போடலாம்' என்று நினைத்துவிட வேண்டாம். மாலை ஆறு மணிக்கு மேல் சாப்பாட்டுக் கூடத்தில் அரைக்கால் சட்டை வேண்டாம் என்ற விதி பல கப்பல்களில் உண்டு. டை மட்டும்தான் தேவையில்லை. இன்னொன்றைப் பலரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்: பார்படோஸ், செயின்ட் லூசியா, ஜமைக்கா போன்ற தீவுகளில் ராணுவப் பச்சைத் திட்டுகள் போட்ட துணியைப் பொதுமக்கள் அணிவது சட்டப்படி குற்றம். குழந்தைகளுக்கும் விலக்கு இல்லை. பேரனுக்குக் கடைத்தெருவில் வாங்கிய அந்தக் கால்சட்டையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

வெப்பக் கடல்களில் சில கப்பல்கள் ஓர் இரவு எல்லோரையும் வெள்ளை உடுத்தச் சொல்லி மேல்தளத்தில் விருந்து வைக்கும். நம் வீட்டுப் பெண்களுக்கு வெறும் வெள்ளைப் புடவை என்றால் மனசு ஒப்பாது. சரிகைக் கரை போட்ட சந்தன நிறம் போதும், யாரும் கேட்க மாட்டார்கள். ஆண்களுக்கு அன்றைக்கு வேட்டி யோகம். கடல்காற்றில் இடுப்பு முடிச்சை மட்டும் நம்பாமல் பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

பசிபிக் கடலில் ஈக்வடார் நாட்டைச் சேர்ந்த கலாபகோஸ் தீவுகள் பூமத்திய ரேகையில் இருக்கின்றன, ஆகவே நம்ம ஊர் வெயில்தான் என்று நினைப்பது அடுத்த தவறு. ஹம்போல்ட் என்கிற குளிர்ந்த கடல் நீரோட்டத்தால் ஜூன் முதல் நவம்பர் வரை கடல்நீர் நடுங்க வைக்கும். மெல்லிய தூறலும் மூட்டமுமாக இருக்கும். அங்கே ஒரு கப்பலுக்கு நூறு பயணிகளுக்கு மேல் அனுமதியில்லை. கோட்டு டை பேச்சே இல்லாத, வழிகாட்டியும் பயணிகளும் நாளடைவில் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிடுகிற இடம்.

அண்டார்டிகாவுக்குத்தான் நம்மவர்கள் அதிகமாகச் செலவழித்துத் தப்பாக வாங்குகிறார்கள். நமக்கு மார்கழிப் பனியே குளிர். உடனே லடாக்குக்குப் போடுகிற கனத்த ஜாக்கெட்டைத் தேடுவோம். பயணக் காலமான நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே கோடை. கப்பல்கள் போகும் அண்டார்டிகத் தீபகற்பப் பகுதியில் வெப்பநிலை சுழியம் டிகிரி செல்சியஸை ஒட்டி ஏறி இறங்கும். படுத்துவது காற்றும் ஈரமும்தான். மேல் ஜாக்கெட்டைப் பல கம்பெனிகள் அவர்களே தந்துவிடுவார்கள், ரப்பர் பூட்ஸும் இரவலாகக் கிடைக்கும். தண்ணீர் புகாத கால்சட்டையைப் பெரும்பாலும் நாம்தான் வாங்க வேண்டும், அதைத்தான் மறப்பார்கள். உள்ளே பருத்திப் பனியன் கூடாது. வியர்வையைக் குடித்து உடம்பிலேயே வைத்துக்கொள்ளும். மெரினோ ஆட்டின் மெல்லிய கம்பளியில் நெய்த உள்ளாடை வாங்குங்கள். நாம் கேலி பேசுகிற குரங்குக் குல்லாவை அங்கே ஒருவரும் கேலி செய்ய மாட்டார்கள்.

கரையிறங்குவதற்கு முன் கப்பலிலேயே ஒரு சோதனை உண்டு. வெளியே அணியும் துணி, பை எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லி, பாக்கெட் மடிப்பு, வெல்க்ரோ பட்டை, பூட்ஸ் அடி எல்லாம் வேக்குவம் கிளீனர் வைத்து உறிஞ்சுவார்கள். வெளி மண்ணின் ஒரு விதைகூட அங்கே போகக் கூடாது. நம் வீட்டுப் பையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்: குறுவை அறுப்பன்று களத்துமேட்டில் கிடந்த அதே முதுகுப்பை, தையலிடுக்கில் நாலு நெல், வரப்பில் நடந்தபோது சாக்ஸில் ஏறிய ஒட்டுப்புல். புதுப் பை வாங்கவில்லையென்றால் ஊசியை வைத்துக்கொண்டு வீட்டுத் திண்ணையிலேயே இந்த வேலையை முடித்துவிடுங்கள். கலாபகோஸுக்கும் விதை, செடி, பழம் ஆகாது. தலையில் வைத்த மல்லிகைச் சரத்தோடு இறங்க முடியாது.

இந்த இரண்டு இடங்களிலும் கரைக்குப் போவது சோடியாக் என்கிற ரப்பர் படகில். கப்பலின் பக்கவாட்டுப் படியில் இறங்கும்போது மாலுமி நம் முன்கையைப் பிடிப்பார், நாம் அவர் முன்கையைப் பிடிக்க வேண்டும். அதற்கு இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். கரை வந்ததும் காலைத் தூக்கி வெளியே போட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கவும் நேரும். இங்கே புடவை ஆபத்து. கொசுவம் காலடியில் மாட்டும், உயிர்காப்பு உடையின் பட்டையில் முந்தானை சிக்கும். அம்மாக்கள் தயங்குவார்கள், போய் நின்று தயங்குவதைவிட, இங்கேயே மொட்டை மாடியில் பேன்ட் போட்டு நடந்து பழகிக்கொள்வது மேல். கனமான தாலிச் சங்கிலியும் அன்றைக்குச் சட்டைக்குள் இருக்கட்டும்.

இரவு இந்தக் கப்பல்களில் ஆட்டம் பாட்டம் எதிர்பார்க்காதீர்கள். மறுநாள் எங்கே இறங்கலாம், இன்றைக்குப் பார்த்த பறவை எது என்று ஓர் உரை நடக்கும். ஸ்வெட்டரோடு வந்து கேட்டுவிட்டு நேரத்தோடு படுத்துவிடுவார்கள். கேப்டன் விருந்துக்கு என்று ஒரு நல்ல உடை இருந்தால் சரி.

நார்வே, அலாஸ்கா பற்றி ஒன்றுதான். அங்கே மழை ஐப்பசி, கார்த்திகை பார்த்து வராது. நார்வேயின் பெர்கன் நகரில் வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் மழை. குடையை நம்பாமல் தலைமூடி வைத்த மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள், காற்று குடையைத் திருப்பிவிடும்.

அப்புறம், விமானத்தில் பெட்டி தவறினால் சின்னக் கப்பல் அதற்காகக் காத்திருக்காது. உள்ளே இருக்கும் கடையிலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. இரண்டு நாள் உடையும் மருந்தும் கைப்பெட்டியில் வையுங்கள். அண்டார்டிகாப் பயணமென்றால் அந்தத் தண்ணீர் புகாத கால்சட்டையும் கைப்பெட்டியில்தான், அது இல்லாமல் படகில் ஏற்ற மாட்டார்கள்.