ஸ்போர்ட்ஸ் காருக்கு ரிலீஸ் பேரிங் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த இரண்டு மாதங்களுக்குள் ஓசூரிலிருந்து இருவரும் தருமபுரியிலிருந்து ஒருவருமாக மூன்று இளைஞர்கள், தாங்களே கியர்பாக்ஸை இறக்கிப் புதிய கிளட்ச் பூட்டி, அது சரியாக வேலை செய்யாமல் போகவே கிருஷ்ணகிரியில் உள்ள என் பட்டறைக்கு வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். மூவரின் வண்டியையும் திறந்து பார்த்தபோது, இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறுதான் அங்கே இருந்தது. பழைய பேரிங்கையே துடைத்துப் பூட்டுவது, சீல் வைத்த பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவுவது போன்றவற்றைப் பற்றி இங்கே எழுதவில்லை. அவை கூடாது என்பது தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெரிந்தவர்களும் விழுகிற குழிகளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

காரின் பெயரைச் சொல்லிப் பேரிங் வாங்குவது

கிளட்ச் பெடலை மிதிக்கும்போது ஃபோர்க் வழியாகவோ ஹைட்ராலிக் பிஸ்டன் வழியாகவோ ரிலீஸ் பேரிங் நகர்ந்து, இன்ஜினோடு சேர்ந்து சுழன்றுகொண்டிருக்கும் கிளட்ச் கவரில் உள்ள டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்களை அழுத்துகிறது. அதனால் இந்தப் பேரிங்கின் பின்பக்கம் கியர்பாக்ஸுக்கும் முன்பக்கம் கிளட்ச் கவருக்கும் பொருந்த வேண்டும். காரின் பெயரையோ சேசிஸ் எண்ணையோ சொல்லி வாங்கும் பேரிங் பின்பக்கத்துக்குப் பெரும்பாலும் பொருந்திவிடும். முன்பக்கத்துக்கும் பொருந்த வேண்டுமானால், வண்டியில் கம்பெனி கொடுத்த அதே கவர் இருக்க வேண்டும். ஸ்போர்ட்ஸ் காரில் பெரும்பாலும் மாற்றப்படுவதே அந்தக் கவர்தான்.

இருபது ஆண்டுகளுக்கு முன் பெங்களூரைச் சேர்ந்த ஒருவர், இன்ஜினின் திறனைக் கூட்டிய தம்முடைய இரண்டு கதவுக் காருக்கு வலுவான கவரும் கிளட்ச் தட்டும் வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். கவரை விற்றவர் பழைய எண்ணுள்ள பேரிங்கே போதும் என்று சொல்லியிருந்தார். நானும் அப்படியே நம்பி, கம்பெனியின் அசல் பேரிங்கை வரவழைத்தேன். கியர்பாக்ஸின் நடுவே அமர்ந்து, திரவ அழுத்தத்தால் பேரிங்கைத் தள்ளும் வட்ட ஸ்லேவ் சிலிண்டரோடு சேர்ந்து வருகிற வகை அது. கைடு குழாயில் வழுக்கிக்கொண்டு அழகாக உட்கார்ந்ததைப் பார்த்ததும் மனத்தில் இருந்த ஐயமும் போய்விட்டது. ஊருக்குள் ஓட்டிப் பார்த்ததில் ஒரு குறையும் தெரியவில்லை. இரண்டாம் நாள் சேலத்திலிருந்து திரும்பும்போது, தொப்பூர் கணவாய் ஏற்றத்தில், ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்ஜின் மட்டும் வேகமெடுத்ததே தவிர வண்டி முன்னேறவில்லை. லாரிகளுக்கு நடுவே ஓரம் கட்டி நிறுத்துவதற்குள் தட்டு கருகிய நாற்றம் வண்டி முழுக்கப் பரவிவிட்டது என்று அவர் தொலைபேசியில் சொன்னார்.

மறுபடி கியர்பாக்ஸை இறக்கியபோது தட்டு கருகியிருந்தது. தட்டு அழுந்தும் இன்ஜின் சக்கரமான ஃபிளைவீல் நீலம் பாய்ந்திருந்தது. பேரிங்கின் உள்ளிருந்த கிரீஸ் உருகி வெளியே வழிந்திருந்தது. அதற்குப் பிறகுதான், முதல் நாளே எடுத்திருக்க வேண்டிய அளவை எடுத்தேன். பிஸ்டனை முழுவதும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, கியர்பாக்ஸ் உறையின் விளிம்பிலிருந்து பேரிங்கின் முகம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று நேர்ச்சட்டம் வைத்து அளந்தால் 46.2 மி.மீ. புதிய தட்டையும் கவரையும் ஃபிளைவீலில் பூட்டி, போல்ட்டுகளை உரிய டார்க்கில் முறுக்கிவிட்டு, இன்ஜின் பிளாக்கின் விளிம்பிலிருந்து விரல் நுனிகள் எவ்வளவு துருத்தி நிற்கின்றன என்று அளந்தால் 47.0 மி.மீ. பேரிங்கும் விரல்களும் ஒரே இடத்துக்காக 0.8 மி.மீ. அளவுக்கு முட்டிக்கொண்டிருந்தன. ஓட்டுநர் பெடலைத் தொடாதபோதும் கிளட்ச் சிறிது மிதிபட்ட நிலையிலேயே இருந்திருக்கிறது. அதோடு, தட்டு தேயத் தேய இந்த வகைக் கவரில் விரல்கள் மேலும் கியர்பாக்ஸ் பக்கமாக நகரும். தட்டின் தேய்மானம் விரல் நுனியில் பல மடங்காகத் தெரியும் என்பதால், ஒருமுறை வழுக்கத் தொடங்கிய கிளட்ச் தன்னைத் தானே விரைவாகக் கெடுத்துக்கொள்ளும்.

தட்டுக்கும் ஃபிளைவீலுக்கும் உரிய செலவை நானே ஏற்றுக்கொண்டேன். இன்றும் எனக்குப் பொறுக்காதது அந்தச் செலவு அல்ல. வெர்னியரும் நேர்ச்சட்டமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அளப்பதற்குப் பத்து நிமிடம் போதும். அதை விட்டுவிட்டு மூன்று நாள் உழைப்பை வீணடித்தேன். இப்போது வந்த மூவரிடமும் அளந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். "அதே பார்ட் நம்பர்தான் அண்ணா" என்பதுதான் மூவரின் விடையும்.

கணக்கு எளியது. முதல் அளவான பேரிங்கின் ஆழத்திலிருந்து இரண்டாவது அளவான விரல்களின் துருத்தலைக் கழிக்க வேண்டும். பிளாக்குக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே தகடு இருந்தால் அதன் கனத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கிடைக்கும் இடைவெளி, கவரும் பேரிங்கும் செய்தவர் கொடுத்த தாளில் உள்ள வரம்புக்குள் வர வேண்டும். இடைவெளி மிகுந்தால் சிலிண்டரின் அடியில் ஷிம் என்னும் மெல்லிய தகடு வைக்கலாம். மிகுந்த இடைவெளியை அப்படியே விட்டுவிட்டால், பிஸ்டன் தன் எல்லைக்கு மேல் ஓடிச் சீல் கசியும், அல்லது கிளட்ச் முழுவதும் விடுபடாமல் கியர் உறுமும். இடைவெளி குறைந்தால் உயரம் குறைந்த பேரிங்கைத் தேட வேண்டும். இழைத்துச் சரிசெய்கிறேன் என்று யாரும் இறங்க வேண்டாம்.

ஃபிளைவீலைக் கடைசல் பிடித்த பிறகே இந்த அளவை எடுக்க வேண்டும். படி வைத்த ஃபிளைவீலில் தட்டு உரசும் முகத்தை மட்டும் சீவிவிட்டு, கவர் அமரும் படியைச் சீவாமல் விட்டால், புதிய தட்டும் தேய்ந்த தட்டைப் போலவே நடந்துகொள்ளும். விரல்கள் அதே பல மடங்குக் கணக்கில் பேரிங்கை நோக்கி வரும். ஓசூர் இளைஞர் ஒருவரின் வண்டியில் நடந்தது இதுதான்.

தள்ளும் வகையா, இழுக்கும் வகையா என்று பாராமல் விடுவது

ஜப்பானிய டர்போ கார்கள் பலவற்றில் பேரிங் விரல்களைத் தள்ளுவதில்லை. அவற்றைக் கவ்விக்கொண்டு கியர்பாக்ஸ் பக்கமாக இழுக்கிறது. சில கார்களில் ஒரே மாடலுக்குள்ளேயே வகை மாறியிருக்கும். நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்32 தொடக்கத்தில் தள்ளும் வகையோடு வந்தது. 1993-இல் இழுக்கும் வகைக்கு மாறியது. இன்ஜின் இரண்டிலும் ஆர்பி26 தான். இழுக்கும் வகை வண்டியில் பேரிங்கின் பூட்டை விடுவிக்காமல் கியர்பாக்ஸைப் பிடித்து இழுத்தால் கவரின் விரல்கள் வளைந்துவிடும்.

உள்விட்டம் பொருந்தினால் போதும் என்று எண்ணுவது

போதாது.

முகத்தின் வடிவத்தைக் கவனியாதிருப்பது

விரல் நுனிகள் வளைந்திருந்தால் பேரிங்கின் முகம் தட்டையாக இருக்க வேண்டும். விரல்கள் தட்டையாக இருந்தால் முகம் வளைந்திருக்க வேண்டும். தட்டைக்குத் தட்டை வைத்தால் பேரிங்கின் விளிம்பு விரலை அறுத்துவிடும். முகம் விரலைத் தொடும் வட்டத்தின் அளவையும் பார்க்க வேண்டும். 184 மி.மீ. பந்தயக் கிளட்சுகளில் விரல் வட்டம் சிறியது. அகன்ற முகமுள்ள சாலைக் கார் பேரிங் அங்கே விரலின் நுனியைத் தொடாமல் அதற்கு வெளியே தொடும். நெம்புகோலின் நீளம் குறைவதால் பெடல் கல்லாகக் கனக்கும்.

ஹைட்ராலிக் பேரிங்கில் கிடைத்த எண்ணெயை ஊற்றுவது

டாட் 4 பிரேக் திரவத்துக்கென்று செய்த ரப்பர் சீல், மினரல் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். வண்டியின் திரவத் தொட்டி மூடியில் எழுதியிருப்பதை மட்டுமே ஊற்ற வேண்டும்.

ஹைட்ராலிக் பேரிங்கை வெளியே வைத்துப் பெடலை மிதித்துப் பார்ப்பது

எதிரே கவர் இல்லாதபோது பிஸ்டன் வெளியே தெறித்துவிடும். செய்யவே கூடாது.

சத்தம் கேட்டதும் பேரிங்கையே குற்றம் சொல்வது

பெடலை மிதிக்கும்போது எழுகிற சத்தம் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங்கிலிருந்து வரும். மிதித்ததும் நின்றுபோகிற சத்தமாக இருந்தால், கியர்பாக்ஸின் முன் தண்டில் உள்ள பேரிங்கை முதலில் ஐயப்பட வேண்டும். புதிய ரிலீஸ் பேரிங் சில நூறு கிலோமீட்டரிலேயே கத்தத் தொடங்கினால், அது ஓடுகிற கைடு குழாயை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். தருமபுரிக்காரரின் வண்டியில் அந்தக் குழாயின் ஒரு பக்கத்தில் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அதற்குள் அவர் இரண்டு பேரிங்குகளை மாற்றி முடித்திருந்தார்.