ஆங்கிலச் சொற்களை உடைத்துப் படிப்பது எப்படி?

தினம் பத்து வார்த்தை என்று நோட்டுப் போட்டு மனப்பாடம் செய்கிறவர்கள் நிறைய பேர், நானும் செய்தவன்தான், ஒரு மாதம் கழித்து முதல் பக்கத்தைப் புரட்டினால் வேறு யாரோ எழுதியது மாதிரி இருக்கும். அதை விடுங்கள். ஏற்கெனவே உங்கள் வாயில் புழங்குகிற ஒரு சொல்லை எடுங்கள்.

இன்ஸ்பெக்டர். நடுவில் இருக்கும் 'ஸ்பெக்ட்' லத்தீனிலிருந்து வந்தது, பார்ப்பது என்று பொருள். 'இன்' என்றால் உள்ளே. ஆக, உள்ளே நுழைந்து பார்ப்பவர். ரெஸ்பெக்ட் என்பது திரும்பிப் பார்ப்பது, அதாவது ஒரு பொருட்டாக மதிப்பது. சஸ்பெக்ட்டின் தலையில் நிற்பது 'சப்', கீழே. கீழ்க்கண்ணால் பார்த்தால் சந்தேகம்தானே. எக்ஸ்பெக்ட்டும் இதே குடும்பம்தான், 'எக்ஸ்' என்றால் வெளியே, யாராவது வருவார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பது. நம் 'எதிர்பார்ப்பு' என்ற சொல்லுக்குள்ளும் ஒரு 'பார்' உட்கார்ந்திருக்கிறது, கவனித்தீர்களா? ஒரு வேர் தெரிந்தால் இப்படி ஐந்தாறு சொல் சேர்ந்தே வரும்.

எல்லாச் சொல்லும் இப்படி உடையாது, சிலவற்றை ஜோடியாகப் படிக்க வேண்டும். 1066-ல் பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் கூட்டமாக நுழைந்தன. அதனால்தான் மாடு கொட்டிலில் நிற்கும்போது பழைய ஆங்கிலச் சொல்லான கவ், தட்டுக்கு வந்ததும் பிரெஞ்சு வழி வந்த பீஃப். 'பை' என்றாலும் 'பர்ச்சேஸ்' என்றாலும் வாங்குவதுதான், ஆனால் முதலாவது பேச்சுக்கு, இரண்டாவது ஆபீஸ் காகிதத்துக்கு. பொருளோடு இந்த வித்தியாசத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சொல்லைத் தனியாக எழுதாதீர்கள், கூட வரும் சொல்லோடு எழுதுங்கள். டீ ஸ்ட்ராங்காக இருக்கலாம், மழை ஹெவியாகத்தான் பெய்யும். மாற்றிச் சொன்னால் இலக்கணம் சரி, காதுக்கு இடிக்கும்.

தெரிந்த சொல்தான் என்று அகராதியைத் தாண்டிப் போகவும் கூடாது. நமக்கு ஹோட்டல் என்றால் இட்லி, தோசை. லண்டனில் அது தங்குமிடம். நாம் வெள்ளாட்டுக் கறியையும் மட்டன் என்கிறோம், அங்கே மட்டன் என்றால் செம்மறிதான்.

ஒரு நாளைக்கு நாலு சொல் போதும். மறுநாள் ஒரு தடவை, நாலாம் நாள் ஒரு தடவை, பத்து நாள் கழித்து ஒரு தடவை பொருளைக் கையால் மறைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள், வராததை மட்டும் புதுப் பக்கத்துக்கு மாற்றுங்கள்.